கண்ணாடியா, அக்ரிலிக்கா? ஏழு வீடு மாறிய மீன் தொட்டிக்காரியின் கணக்கு

காலி மீன் தொட்டியை எடை பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. குளியலறையில் தூசி படிந்து கிடக்கும் எடைக்கருவியின் மீது முதலில் வெறுங்கையோடு ஏறி நில்லுங்கள். பிறகு தொட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஏறுங்கள். இரண்டையும் கழித்தால் விடை கிடைத்துவிடும். என்னுடைய 60 சென்டிமீட்டர் கண்ணாடித் தொட்டி 13 கிலோ. தோழி ஒருத்தியிடம் அதே அளவில், அதே 6 மில்லிமீட்டர் தடிமனில் இருந்த அக்ரிலிக் (கண்ணாடிபோலத் தெளிவான கெட்டிப் பிளாஸ்டிக்) தொட்டி 6 கிலோவுக்குச் சற்று மேல். பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த என் கணவர், "இதில் யோசிக்க என்ன இருக்கிறது? பாதி எடை. பெரிய தொட்டியை அக்ரிலிக்கில் வாங்கிவிடு" என்றார். வாங்கினேன். அவர் சொன்னது பாதி சரி என்பது தெரிவதற்குள் மூன்று ஆண்டுகளும் ஒரு நீளக் கீறலும் கடந்துவிட்டன.

எனக்கு மாற்றலாகும் வேலை. 18 ஆண்டுகளில் ஏழு வீடுகள். ஒவ்வொரு முறையும் பாத்திரங்கள், புத்தகங்கள், கட்டில் எல்லாம் போன பிறகு, கடைசியாக மீன் தொட்டி போகும். அந்த அனுபவத்தில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். தொட்டியின் எடை உங்களைத் தொல்லைப்படுத்துவது அதைத் தூக்கும் நாட்களில் மட்டும்தான். கீறலும் அழுக்கும் வாரா வாரம் வரும். எது உங்களுக்கு அதிகம் என்று எண்ணிப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

எடையைக் கணக்கிடும் முறை

எடைக்கருவியில் ஏற்ற முடியாத பெரிய தொட்டிக்குக் காகிதமும் பென்சிலும் போதும். 1 சதுர மீட்டர் பரப்பும் 1 மில்லிமீட்டர் தடிமனும் உள்ள கண்ணாடி 2.5 கிலோ இருக்கும். அதே அளவு அக்ரிலிக் ஏறக்குறைய 1.2 கிலோ. இந்த இரண்டு எண்களை மனத்தில் வைத்துக்கொண்டால் விற்பவர் சொல்வதை நம்பியிருக்க வேண்டியதில்லை.

120 சென்டிமீட்டர் நீளம், 45 அகலம், 50 உயரம் உள்ள தொட்டியை எடுத்துக்கொள்வோம். அடிப்பக்கம் 0.54 சதுர மீட்டர். முன்னும் பின்னும் சேர்ந்து 1.2. இரு பக்கவாட்டும் சேர்ந்து 0.45. மொத்தம் 2.19 சதுர மீட்டர். 10 மில்லிமீட்டர் கண்ணாடியில் செய்தால் 2.19 × 10 × 2.5, அதாவது 55 கிலோ. அதே தடிமனில் அக்ரிலிக் என்றால் 26 கிலோ. பாதிக்கும் குறைவு.

ஆனால் அதே தடிமனில் அக்ரிலிக் தொட்டியைச் செய்ய மாட்டார்கள், செய்தால் வாங்காதீர்கள். ஒரே தடிமன் என்றால் கண்ணாடியைவிட அக்ரிலிக் 20 மடங்குக்கு மேல் வளையும். 45 சென்டிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நின்றால், 120 சென்டிமீட்டர் நீளமுள்ள முன்பலகையை அது ஏறக்குறைய 120 கிலோ பாரத்துக்குச் சமமாக வெளியே தள்ளுகிறது. கண்ணாடி அதை விறைப்பாக எதிர்த்து நிற்கும். அக்ரிலிக் வயிறு தள்ளும். அதனால் தடிமனைக் கூட்டி, மேல்விளிம்பைச் சுற்றி அகலமான அக்ரிலிக் சட்டம் ஒன்றையும் வைத்து ஒட்டுகிறார்கள். 12 மில்லிமீட்டரில் செய்து, மேல்சட்டத்தையும் சேர்த்தால் நம் தொட்டி 35 கிலோவாகிவிடுகிறது. பாதி எடை என்ற பேச்சு இங்கே மூன்றில் இரண்டு பங்காக மாறிவிட்டது. தொட்டி உயர உயர இந்த இடைவெளி இன்னும் சுருங்கும். ஏனென்றால் தண்ணீரின் உயரம் இரட்டித்தால் பலகையைத் தள்ளும் விசை நான்கு மடங்காகிறது. அதற்கு ஈடு கொடுக்க அக்ரிலிக்கின் தடிமனும் ஏறிக்கொண்டே போகும். நீளத்தைப் பார்த்து மலைப்பவர்களே அதிகம். தொட்டிக்கு ஆபத்தானது உயரம்தான்.

இப்போது தண்ணீரை ஊற்றுங்கள். உள்ளளவு சற்றுக் குறைவு என்பதால், மேலே 5 சென்டிமீட்டர் விட்டு நிரப்பினால் ஏறக்குறைய 230 லிட்டர், அதாவது 230 கிலோ. அடியில் 5 சென்டிமீட்டர் மணல் பரப்பினால் 40 கிலோவுக்கு மேல். அது இடம்பெயர்க்கும் தண்ணீரைக் கழித்துவிட்டாலும் 25 கிலோ கூடுகிறது. பாறைகள் 15 கிலோ. தாங்கும் மேசை 35 கிலோ என்று வையுங்கள். கண்ணாடி என்றால் மொத்தம் 360 கிலோ. அக்ரிலிக் என்றால் 340 கிலோ. வித்தியாசம் 20 கிலோ. இரண்டு சின்ன வாளித் தண்ணீர்!

"எங்கள் வீட்டு மாடித்தளம் தாங்காது, அதனால் அக்ரிலிக் வாங்கப்போகிறேன்" என்று யாராவது சொன்னால் நான் இந்தக் கணக்கைத்தான் எழுதிக் காட்டுவேன். 360 கிலோவைத் தாங்க அஞ்சும் தளம் 340 கிலோவையும் அஞ்ச வேண்டிய தளமே. சந்தேகம் இருந்தால் சிறிய தொட்டி வாங்குங்கள். அல்லது சுமைதாங்கும் சுவரையொட்டி, தளத்தின் உத்தரங்களுக்குக் குறுக்காக வையுங்கள். பெரிய தொட்டி என்றால் கட்டடப் பொறியாளர் ஒருவரைக் கேளுங்கள். பொருளை மாற்றித் தளத்தை ஏமாற்ற முடியாது.

தூக்கும் நாள்

அப்படியானால் அந்த 20 கிலோவுக்கு மதிப்பே இல்லையா? இருக்கிறது, படிக்கட்டில். 35 கிலோவை நானும் கணவரும் பேசிக்கொண்டே ஏற்றிவிடுகிறோம். 55 கிலோ கண்ணாடியை இருவர் மட்டும் திருப்பத்தில் சாய்த்துத் திருப்ப முயன்றால் பேச்சு நின்றுவிடும். மூச்சும் நின்றுவிடும் போல இருக்கும். மூன்றாவது ஆள் வேண்டும், அவருக்கும் நிற்க இடம் வேண்டும். குறுகிய படிக்கட்டில் மூன்றாவது ஆள் உதவியா இடைஞ்சலா என்று இன்றுவரை எனக்குத் தெளிவில்லை.

என்னுடைய முதல் பெரிய தொட்டி கண்ணாடி. 90 சென்டிமீட்டர் நீளம், 8 மில்லிமீட்டர் தடிமன், எடை 30 கிலோ. நான்காவது வீட்டுக்குப் போன நாளில் அதைக் கீழே போட்டேன் என்று நினைக்காதீர்கள். மிக மெதுவாக, இருவர் சேர்ந்து, தரையில் வைத்தோம். கீழ்மூலைக்கு அடியில் மிளகளவு கல் ஒன்று இருந்தது. 'டிக்' என்று ஒரு சத்தம். அடிப்பலகையில் மூலையிலிருந்து ஒரு கோடு ஓடியது. கண்ணாடி தன் பாரத்தைப் பரப்பில் தாங்கும். ஒரு புள்ளியில் தாங்காது. மூலையும் விளிம்பும்தான் அதன் உயிர்நிலைகள். அதே நாளில் அக்ரிலிக் தொட்டியாக இருந்திருந்தால் அடியில் ஒரு தழும்பு விழுந்திருக்கும், அவ்வளவுதான். பிறகு வாங்கிய அக்ரிலிக் தொட்டி ஒரு வாசற்படி நிலையில் நன்றாக இடித்திருக்கிறது. நிலையில் பெயின்ட் பெயர்ந்தது. தொட்டிக்கு ஒன்றுமில்லை.

ஆகவே தூக்குவதற்கு முன் செய்ய வேண்டியவை. தொட்டியின் நீள அகலத்துக்குப் பழைய அட்டைப்பெட்டியை வெட்டி, அந்த அட்டையைப் புதிய வீட்டின் வாசல், நடை, படிக்கட்டுத் திருப்பம் எல்லாவற்றிலும் எடுத்துச்சென்று திருப்பிப் பாருங்கள். அட்டை போகாத இடத்தில் தொட்டியும் போகாது. இறக்கிவைக்கப்போகும் இடத்தில் மடித்த போர்வையை முன்கூட்டியே விரித்துவையுங்கள். மணலைக் கட்டாயம் எடுத்துவிடுங்கள். "கொஞ்சம் தண்ணீரும் மணலும் அடியில் இருக்கட்டும், மீனுக்கு நல்லது" என்று ஒருவர் எனக்கு அறிவுரை சொன்னார். 5 சென்டிமீட்டர் தண்ணீர் என்பது 25 கிலோ. சாய்க்கும்போது அது ஒரே மூலைக்கு ஓடும். மீனை வாளியில் பழைய தண்ணீரோடு கொண்டுபோங்கள், வடிகட்டியின் பஞ்சை உலரவிடாமல் அதே தண்ணீரில் மூழ்கவையுங்கள், அது போதும். தொட்டியைத் தூக்கும்போது பிடி எப்போதும் அடிப்பலகையில் இருக்க வேண்டும். மேலே குறுக்காக ஓடும் பட்டை கைப்பிடி அல்ல. அதைப் பிடித்துத் தூக்கினால் கண்ணாடித் தொட்டியில் பட்டை கையோடு வரும். அக்ரிலிக்கில் ஒட்டு பலவீனமாகும்.

கண்ணாடியை ஏற்றுகிறவர்கள் தடித்த கையுறை அணியுங்கள், கால்களை மூடும் செருப்பும். இதை வலியுறுத்த எனக்கு என் கட்டைவிரல் சாட்சி.

உட்காரும் இடம்

இங்கே இரண்டு பொருள்களும் எதிரெதிர்க் குணம் கொண்டவை. பலர் கோட்டைவிடுவதும் இங்கேதான்.

அக்ரிலிக் தொட்டியின் அடிப்பலகை முழுவதும் தாங்கப்பட வேண்டும். நான்கு விளிம்பை மட்டும் தாங்கும் இரும்புச் சட்ட மேசையில் வைத்தால் நடுவில் தொய்யும். தொய்வு ஒட்டுகளை இழுக்கும். இரும்புச் சட்டம்தான் இருக்கிறது என்றால் அதன் மேல் 18 மில்லிமீட்டர் பிளைவுட் பலகையைப் போட்டு, அதற்கு மேல் மெல்லிய ரப்பர் நுரை விரிப்பு ஒன்றையும் போடுங்கள்.

கண்ணாடியில் இரண்டு வகை உண்டு. அடிவிளிம்பில் பிளாஸ்டிக் சட்டம் இல்லாமல், அடிப்பலகை நேரடியாக மேசையில் உட்காரும் வகைக்கு நுரை விரிப்பு கட்டாயம். அந்த மிளகளவுக் கல்லை நுரை விழுங்கிக்கொள்ளும். அடிவிளிம்பில் பிளாஸ்டிக் சட்டம் உள்ள வகையில் அடிக்கண்ணாடி மேசையைத் தொடாமல் சற்று மேலே நிற்கும். பாரம் முழுவதும் சட்டத்தின் வழியே இறங்குகிறது. அதற்கு அடியில் நுரையைப் போட்டால், நுரை நடுவில் மேலெழும்பி அடிக்கண்ணாடியை முட்டும். நல்லெண்ணத்தில் செய்யும் காரியம் தொட்டியை உடைக்கும்.

ரசமட்டம் வைத்து நீளவாக்கிலும் அகலவாக்கிலும் பாருங்கள். ரசமட்டம் இல்லையென்றால் தொட்டியில் கைப்பிடி உயரத்துக்குத் தண்ணீர் ஊற்றி, நான்கு மூலையிலும் நீர்மட்டத்தை அளவுகோலால் அளந்தால் போதும். சரிவு இருந்தால் மேசையின் காலுக்கு அடியில் ஆப்பு வையுங்கள். தொட்டிக்கும் மேசைக்கும் நடுவில் ஒருநாளும் வைக்காதீர்கள்.

கீறல் என்னும் நித்திய சங்கடம்

என் அக்ரிலிக் தொட்டி வீட்டுக்கு வந்து ஒரு மாதம் ஆகியிருக்கும். காந்தத் துடைப்பானால் முன்பக்கப் பாசியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். தெரியாதவர்களுக்கு: ஒரு காந்தம் உள்ளே, ஒரு காந்தம் வெளியே, வெளியே இருப்பதை நகர்த்தினால் உள்ளே இருப்பதும் நகர்ந்து பாசியைத் தேய்க்கும். கை நனையாது, சோம்பேறிகளுக்கு வரப்பிரசாதம். மணல் மட்டத்துக்கு அருகே கொண்டுபோனபோது ஒரேயொரு மணல் துகள் காந்தத்துக்கும் சுவருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. எனக்குத் தெரியாது. மேலும் கீழும் நான்கு முறை இழுத்தேன். விளக்கு போட்டதும் தெரிந்தது: முன்பக்கம் நட்டநடுவில், ஒரு சாண் நீளத்துக்கு, நான்கு இணைகோடுகள். இசைக்கலைஞர் யாராவது வந்திருந்தால் ஸ்வரம் எழுதியிருப்பார்.

மணல் என்பது பெரும்பாலும் குவார்ட்ஸ். அது கண்ணாடியையும் கீறக்கூடியது. ஆனால் கண்ணாடியில் கீறல் விழக் கொஞ்சம் அழுத்தம் வேண்டும். அக்ரிலிக்குக்குத் துகள் போதும், கனமான கையும் வேண்டாம். பாத்திரம் தேய்க்கும் பச்சை நார், மோதிரம், கைக்கடிகாரப் பட்டை, இடம் மாற்றும்போது உரசிய பாறை, உலர்ந்த துணியால் தூசியைத் துடைத்தது, எல்லாமே அதில் எழுதும் எழுத்தாணிகள். மணலைத் தோண்டி வாரி இறைக்கும் மீன்கள் வளர்க்கிறீர்கள் என்றால் இன்னொரு முறை யோசியுங்கள்.

ஆகவே துடைக்கும் முறை இரண்டுக்கும் வேறு. கண்ணாடிக்குச் சவரப் பிளேடு பொருத்திய சுரண்டியை 45 பாகைக் கோணத்தில் பிடித்துச் சுரண்டலாம்; கெட்டிப் பச்சைப்பாசி ஏடு ஏடாக வரும். மூலைகளில் மட்டும் நிறுத்திக்கொள்ளுங்கள். அங்கே இருப்பது சிலிக்கான் பசை. பிளேடு அதை அறுத்துவிட்டால் கசிவு தொடங்கிவிடும். அக்ரிலிக்குக்குப் பிளேடு நஞ்சு. அதற்கென்று விற்கும் மென்மையான பஞ்சு அல்லது பழைய பிளாஸ்டிக் அட்டையின் விளிம்பு போதும். காந்தத் துடைப்பான் வாங்கினால் அக்ரிலிக்குக்கு உகந்தது என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். மணல் மட்டத்துக்கு மேல் மூன்று விரல் இடைவெளி விட்டு நிறுத்துங்கள். அந்த மூன்று விரலைக் கையால் துடையுங்கள். பாசியைக் கெட்டிப்பட விடாமல் வாரம் இருமுறை மெதுவாகத் துடைப்பதே அக்ரிலிக் தொட்டிக்காரரின் தவம். கடல்நீர்த் தொட்டிகளில் ஊதா நிறச் சுண்ணாம்புப்பாசி சுவரில் கல்லாக ஒட்டும். அதை அக்ரிலிக்கிலிருந்து கீறாமல் எடுத்தவரை நான் இன்னும் பார்க்கவில்லை. கடல்நீர் வளர்ப்பில் இறங்குகிறவருக்கு என் ஓட்டு கண்ணாடிக்கு.

வெளிப்பக்கத்துக்கு வேறோர் எச்சரிக்கை. சன்னல் கண்ணாடி துடைக்கும் நீல நிறத் திரவங்கள் பலவற்றில் அம்மோனியா அல்லது ஆல்கஹால் இருக்கும். கண்ணாடிக்குப் பாதகமில்லை. ஆனால் அக்ரிலிக்கில் பட்டால், குறிப்பாக வளைந்து இறுக்கத்தில் இருக்கும் இடங்களில், மயிரிழை வெடிப்புகள் தோன்றிப் பரவும். அதைத் திருப்ப முடியாது. வெறும் தண்ணீரில் நனைத்த மெல்லிய துணியே போதும். தூசி நிறைய இருந்தால் முதலில் ஈரத்துணியால் ஒற்றி எடுத்துவிட்டுப் பிறகு துடையுங்கள்.

இத்தனை திட்டிய பிறகு அக்ரிலிக்குக்காக ஒரு நல்ல வார்த்தை: அதன் கீறலை நீக்க முடியும். கண்ணாடியில் ஆழமாக விழுந்த கீறல் வீட்டு முயற்சிக்கு மசியாது. அக்ரிலிக்கை 1500, 2000, 3000 எண் நீர் உப்புத்தாளால் வரிசையாக, நனைத்து நனைத்துத் தேய்த்து, இறுதியில் பிளாஸ்டிக்குக்கான பாலிஷ் போட்டால் மறுபடியும் பளிங்கு. ஒரு எண்ணிலிருந்து அடுத்த எண்ணுக்குத் தாவும் முன், முந்தைய தாளின் கோடுகள் முற்றிலும் மறைந்தனவா என்று பார்க்க வேண்டும். தேய்க்கும் திசையை ஒவ்வொரு முறையும் குறுக்காக மாற்றினால் அது எளிதில் தெரியும். உள்பக்கம் என்றால் தொட்டியைக் காலி செய்ய வேண்டும். என் நான்கு கோடுகளை ஐந்தாவது வீட்டுக்கு மாறிய சமயத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் உட்கார்ந்து தேய்த்து எடுத்தேன். தோள்பட்டை மூன்று நாள் வலித்தது. கோடுகள் போய்விட்டன.

இன்னொரு சின்ன ஆறுதல்: உள்பக்கத்து லேசான கீறல்கள் தண்ணீர் நிரம்பியதும் பாதிக்கு மேல் மறைந்துவிடும். ஒளிவிலகல் எண் அக்ரிலிக்குக்கு 1.49, கண்ணாடிக்கு 1.52, தண்ணீருக்கு 1.33, காற்றுக்கு 1. கீறலுக்குள் காற்றுக்குப் பதில் தண்ணீர் புகுந்தால் ஒளி அவ்வளவாகச் சிதறுவதில்லை. பழைய தொட்டியைக் காலியாக இருக்கும்போது பார்த்து அஞ்சி ஓட வேண்டாம். உள்பக்கமா வெளிப்பக்கமா என்று நகத்தால் தடவிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

தெளிவு, சூடு, ஒட்டு

சாதாரணக் கண்ணாடியின் வெட்டுவிளிம்பைப் பார்த்தால் பச்சை தெரியும். அதிலுள்ள இரும்புதான் காரணம். 6 மில்லிமீட்டரில் கண்ணுக்கு உறுத்தாது. 15 மில்லிமீட்டரில் வெள்ளை மீன்களுக்கு லேசாகக் காய்ச்சல் வந்ததுபோல் இருக்கும். இரும்பு குறைந்த கண்ணாடி என்று தனி வகை உண்டு, விலை கூடுதல். அக்ரிலிக் எவ்வளவு தடித்தாலும் தெளிவாகவே இருக்கும். ஜப்பானின் ஒகினாவாவில் 2002இல் திறந்த சுராவுமி மீன்காட்சியகத்தின் பெரிய சாளரம் 22.5 மீட்டர் நீளம், 8.2 மீட்டர் உயரம், 60 சென்டிமீட்டர் தடிமன் கொண்ட அக்ரிலிக். அதன் வழியே திமிங்கலச் சுறாவைப் பார்க்கிறார்கள். கண்ணாடியில் அந்தத் தடிமனை நினைத்தும் பார்க்க முடியாது.

அதற்காக அக்ரிலிக் உடையாது என்று எண்ண வேண்டாம். பெர்லினில் ஒரு ஹோட்டலுக்குள் நின்றிருந்த அக்வாடோம் என்ற அக்ரிலிக் உருளைத் தொட்டி 2022 டிசம்பர் 16 அதிகாலையில் வெடித்து 10 லட்சம் லிட்டர் தண்ணீர் வெளியே பாய்ந்தது. வீட்டுத் தொட்டிக்கும் அதற்கும் ஒப்பீடே இல்லை. ஆனாலும் 'உடையாத பிளாஸ்டிக்' என்று யாராவது விற்க வந்தால் அந்த நாளை நினைத்துக்கொள்கிறேன்.

கண்ணாடி கடத்தும் வெப்பத்தில் ஐந்தில் ஒரு பங்கைத்தான் அக்ரிலிக் கடத்தும். கேட்க அசத்தலாக இருக்கும். நடைமுறையில் திறந்த மேற்பரப்பின் வழியே போகும் சூடு அந்த மிச்சத்தைத் தின்றுவிடுகிறது. முதலில் தொட்டிக்கு மூடி போடுங்கள். ஹீட்டரை அக்ரிலிக் சுவரில் ஒட்டி வைக்காதீர்கள்; பிளாஸ்டிக் கூண்டு போட்டது வாங்குங்கள். சூடாகும் பழைய வகை விளக்குகளையும் அக்ரிலிக் மேல்சட்டத்தின் மீது கிடத்தாதீர்கள்.

ஒட்டில் இரண்டும் வெவ்வேறு சாதி. கண்ணாடிப் பலகைகளைச் சிலிக்கான் பசை இணைக்கிறது. பசை முதுமையடைந்து உரிந்தால், பழையதை முழுவதும் அறுத்தெடுத்துவிட்டுப் புதிதாகப் போடலாம். பழைய சிலிக்கானின் மீது புதியது ஒட்டாது என்பதால் மேலே பூசி மெழுகும் வேலை பலிக்காது. பூஞ்சைத் தடுப்பு மருந்து கலந்த குளியலறைச் சிலிக்கான் கூடாது. மீனுக்கு அது விஷமாகலாம். தொட்டிக்கான சிலிக்கான் காயும்போது வினிகர் நாற்றம் வரும். நாற்றம் முற்றிலும் அடங்கும்வரை, பெரிய தொட்டிக்கு ஒரு வாரம், காத்திருங்கள். அக்ரிலிக்கில் பசை என்று எதுவும் இல்லை. கரைப்பான் ஒன்று இரு பலகைகளின் விளிம்பையும் கரைத்து ஒன்றாக்கிவிடுகிறது. நன்றாகச் செய்த ஒட்டு பலகையைப் போலவே உறுதியானது. கெட்டுப்போனால் வீட்டில் சரிசெய்வது கடினம். சிலிக்கான் அக்ரிலிக்கை நம்பும்படி பிடிக்காது. அதனால் பயன்படுத்திய அக்ரிலிக் தொட்டியை வாங்கும்போது ஒட்டுகளை டார்ச் அடித்துப் பாருங்கள். வரிசையாகக் குமிழ்கள், வெண்பனி படர்ந்ததுபோன்ற கோடுகள் இருந்தால் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

குழாய் போட ஓட்டை வேண்டுமென்றால் அக்ரிலிக்கில் மரத்துக்கான வட்ட ரம்பமே மெதுவாக ஓட்டினால் வேலை செய்யும். கண்ணாடிக்கு வைர ரம்பமும் இடைவிடாத நீர்த்தாரையும் பொறுமையும் வேண்டும். அதற்கு முன் அது டஃபண்ட் கண்ணாடியா, அதாவது சூடாக்கிச் சட்டென்று குளிரவைத்து உறுதியாக்கிய கண்ணாடியா, என்று தெரிந்துகொள்ளுங்கள். பல தொட்டிகளில் அடிப்பலகை மட்டும் அப்படி இருக்கும். அதைத் துளையிட்டால் மொத்தமும் கற்கண்டுத் துண்டுகளாகச் சிதறும். கணினித் திரையில் வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்துவைத்து, திரைக்கும் உங்களுக்கும் நடுவில் கண்ணாடி இருக்க, போலராய்டு கறுப்புக் கண்ணாடி அணிந்து பாருங்கள். புள்ளிகளோ பட்டைகளோ தெரிந்தால் துளையிடும் எண்ணத்தை விட்டுவிடுங்கள்.

எனக்கு எது?

90 சென்டிமீட்டருக்கு உட்பட்ட தொட்டிக்கு நான் கண்கொட்டாமல் கண்ணாடி என்பேன். 30 கிலோவை இருவர் தூக்கலாம், விலை குறைவு, பாசியைப் பிளேடால் வழிக்கலாம். 120க்கு மேல் போய், அடிக்கடி வீடு மாறுகிறவராகவோ படிக்கட்டு ஏறுகிறவராகவோ இருந்தால் அக்ரிலிக். சின்னக் குழந்தைகள் பந்து விளையாடும் கூடம் என்றாலும் அக்ரிலிக். சொந்த வீட்டில், ஒரே இடத்தில், பத்தாண்டு நிற்கப்போகிற பெரிய தொட்டி என்றால் மூன்று நண்பர்களை ஒரு நாள் அழைத்து கண்ணாடியையே ஏற்றிவிடுங்கள். அந்த ஒரு நாள் முதுகுவலிக்குப் பிறகு பத்தாண்டு நிம்மதி. என் வீட்டில் இப்போது இரண்டும் இருக்கின்றன. கூடத்தில் 120 சென்டிமீட்டர் அக்ரிலிக், படிக்கும் அறையில் அந்த 60 சென்டிமீட்டர் கண்ணாடி. பிளேடையும் பஞ்சையும் வெவ்வேறு அறைகளில் வைத்திருக்கிறேன். கணவர் உதவுகிறேன் என்று வந்து தவறானதை எடுத்துவிடக் கூடாதே.

எதை வாங்கினாலும் முதல் நிரப்பலை அவசரப்படுத்தாதீர்கள். மீனும் மணலும் இல்லாமல், தண்ணீர் கசிந்தாலும் பாதகமில்லாத இடத்தில் வைத்து, மூன்றில் ஒரு பங்கு நிரப்பி ஓர் இரவு விடுங்கள். ஒட்டுகளைச் சுற்றி உலர்ந்த செய்தித்தாளை விரித்துவைத்தால் சிறு கசிவும் காட்டிக்கொடுத்துவிடும். பிறகு மூன்றில் இரண்டு பங்கு, பிறகு முழுவதும், இரண்டு நாள்.

அக்ரிலிக் என்றால் அந்த நேரத்தில் இன்னொரு வேலை இருக்கிறது. முன்பக்க மேல்பாதியில் இரு ஓரங்களிலும் ஒரே உயரத்தில் ஒரு நூலை இழுத்துப் பிடிக்க முடியாது, வயிறு தள்ளியிருப்பதால் நூல் நடுவில் முட்டும். அதனால் இரு ஓரங்களிலும் ஒரே தடிமனுள்ள இரண்டு நாணயங்களை வைத்து அவற்றின் மேல் நூலைக் கட்டுங்கள். நடுவில் நூலுக்கும் பலகைக்கும் எவ்வளவு இடைவெளி மிச்சம் என்று அளந்து, நாணயத்தின் தடிமனிலிருந்து கழியுங்கள். அதுதான் புடைப்பு. நாணயம் போதவில்லை என்றால் இரண்டிரண்டாக அடுக்குங்கள். அந்த எண்ணைத் தேதியோடு காகித ஒட்டுநாடாவில் எழுதி மேசைக்கதவின் உள்பக்கம் ஒட்டுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை மறுபடியும் அளந்து கீழே எழுதுங்கள். என் மேசைக்கதவில் ஒன்பது வரிகள் இருக்கின்றன. முதல் ஏழிலும் 3 மில்லிமீட்டர், கடைசி இரண்டில் மூன்றரை. இந்த ஆண்டு நீர்மட்டத்தை 5 சென்டிமீட்டர் குறைத்துவிட்டேன். அடுத்த அளவு நான்கைத் தொட்டால் மேலே இன்னொரு குறுக்குப்பட்டை ஒட்டச் சொல்ல வேண்டும்.